காலதர்: காற்று வந்த வழி

காற்றுக்குத் தமிழில் ‘கால்’ என்றொரு பெயர் உண்டு. ‘அதர்’ என்பது வழி. இவ்விரண்டும் கூடிய ‘காலதர்’ என்னும் சொல் சாளரத்தைக் குறிக்கும். புகார் நகரத்து மாளிகைகளில் மானின் கண் போன்ற காலதர்கள் இருந்தமையை இளங்கோவடிகள் காட்டுகிறார். ஆங்கிலேயரின் ‘விண்டோ’ என்னும் சொல்லும் ‘காற்றின் கண்’ எனப் பொருள்படும் பழஞ்சொல்லினின்று பிறந்ததே. சாளரம் முதற்கண் காற்றுக்கே உரியது என்பதில் இரு மொழிகளும் ஒன்றுபடுகின்றன.

வெம்மையுற்ற காற்று மேலெழும். மேலே வழியிருப்பின் வெளியேறும். அதன் இடத்தை நிரப்பக் கீழிருந்து புதுக்காற்று புகும். தமிழகத்துப் பழைய இல்லங்களில் வானம் பார்த்த முற்றம் இப்பணியைச் செய்தது. அமெரிக்க நாட்டார் கூரையடிப் பரணில் பெரிய விசிறி பொருத்தி, இரவில் வீட்டு வெப்பத்தை வெளியேற்றுவதும் இந்நெறியைத் தழுவியதே.

முற்றத்தைத் துறந்து இம்மாநகர் புகுந்த தமிழர்க்கு வாய்த்தது யாது? 1896இல் அன்றைய பம்பாயில் பிளேக் என்னும் கொள்ளைநோய் பரவிற்று. காற்றும் ஒளியும் புகாத குடியிருப்புகளே அதற்குக் காரணம் என ஆட்சியாளர் கருதினர். 1898இல் ‘இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட்’ என்னும் நகர்ச் சீரமைப்புக் கழகத்தைச் சட்டத்தால் நிறுவினர். அதே ஆண்டில், எலியின் உடலிலுள்ள தெள்ளுப்பூச்சியே நோயைப் பரப்புகிறது எனப் பிரெஞ்சு மருத்துவர் பால் லூயி சிமோன் கண்டறிந்தார். எனினும் அவ்வுண்மை ஏற்கப்படச் சில ஆண்டுகள் ஆயின.

கருதிய காரணம் பிழையாயினும், காற்றைத் தேடிய முயற்சி வீண்போகவில்லை. எதிர்க்கட்டடம் மறைக்கும் கோணம் 63½ பாகைக்கு மேற்படலாகாது என்று அக்கழகம் விதி வகுத்தது. அஃதாவது, கட்டடத்தின் உயரத்தில் பாதியளவேனும் எதிரே வெறுவெளி வேண்டும். இவ்வாறு வகுக்கப்பட்ட தாதர்-மாட்டுங்கா பகுதியில் அகன்ற வீதிகளும் சோலைகளும் அமைந்தன. நடுத்தர வருவாயுடைய தென்னிந்தியக் குடும்பங்கள் பல அங்குக் குடியேறின.

ஆனால் இடிக்கப்பட்ட பழங்குடியிருப்புகளின் ஏழை மக்கள் அனைவர்க்கும் மாற்றிடம் கிட்டவில்லை. பலர் வேறு நெரிசல்களில் ஒடுங்கினர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்த தமிழர் வேரூன்றிய தாராவியில் கோண விதி எதுவும் காக்கப்படவில்லை. சுவரோடு சுவர் ஒட்டிய அறைகள். வெயிலில் காயும் தகரக் கூரை. அதனடியில் ஒரு பரண், அதிலும் ஒரு குடும்பம். சூடேறிய காற்று மேலெழுந்து, போக்கிடமின்றி அவர்கள் உறங்கும் இடத்திலேயே தங்குகிறது. மின்விசிறியும் அதனையே சுழற்றித் தருகிறது.

மாட்டுங்காவிற்கும் தாராவிக்கும் இடையே இருப்புப்பாதை ஒன்றே எல்லை. இருபுறமும் வீசுவது ஒரே கடற்காற்று. காற்றுக்கு விலையில்லை, காற்று வரும் வழிக்கோ விலை உண்டு. தாராவியை மீளக் கட்டும் திட்டம் பேசப்படும் இந்நாளில், எத்தனை சதுர அடி என்று மட்டும் கேட்டு அமையலாகாது. எதிர்ச்சுவர் எவ்வளவு தொலைவில், காற்று எவ்வழி புகும், எவ்வழி வெளியேறும் என்றும் நம்மவர் கேட்டல் வேண்டும். காலதர் என்னும் சொல்லைக் காத்த நாம், அது சுட்டும் பொருளையும் காப்போமாக.