படக்குழாய்கள் போன வழி

1973-இல் திருவனந்தபுரத்தில் கெல்ட்ரான் பிறந்தது. மின்னணுப் பொருள் தயாரிப்பதற்கென்று ஒரு மாநில அரசே நிறுவனம் தொடங்கியது இந்தியாவில் அதுதான் முதல் முறை. கே.பி.பி. நம்பியார் தலைமையில் அது வேகமாக வளர்ந்தது. கண்ணூர் ஆலையில் மின்தேக்கிகள் உருவாயின, கெல்ட்ரான் டி.வி. மலையாளிகளின் கூடத்துக்கு வந்து சேர்ந்தது. 1985 ஜனவரி முதல் தேதி திருவனந்தபுரம் தூர்தர்ஷன் மலையாள ஒளிபரப்பைத் தொடங்கியதும் டி.வி. வாங்கும் ஆசை இன்னும் கூடியது. 1990-இல் நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்காவான டெக்னோபார்க் கழக்கூட்டத்தில் அமைந்தது. 2001-இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் அரசுப் பள்ளிகளுக்குக் கணினிகளைக் கொண்டுசென்றது.

செய்யவும் வாங்கவும் இவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொண்ட இந்த ஊர், ஆயுள் முடிந்த பெட்டிகளை என்ன செய்வது என்பதற்கு அரசளவில் ஓர் ஏற்பாடு காண நாற்பது ஆண்டு எடுத்துக்கொண்டது.

அந்த நாற்பது ஆண்டும் பாரத்தைச் சுமந்தவர்கள் ஆக்ரிக்காரர்கள். பழைய இரும்பும் பேப்பரும் எடுக்கும் தொழிலைக் கேரளத்தில் ஆக்ரி என்கிறார்கள். நாகர்கோவில் பக்கத்து ஆக்கர் கடையும் இதுவே. தென் தமிழ்நாட்டிலிருந்து வந்து இந்தத் தொழிலில் காலூன்றியவர்கள் பலர். தமிழருக்குத் திருவனந்தபுரம் ஒன்றும் வேற்றூர் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாசன் வளர்த்த சாலைக் கடைத்தெருவில் தமிழ் வியாபாரிகள் தலைமுறைகளாக இருக்கிறார்கள். 1956 அக்டோபர் முடிய கன்னியாகுமரிச் சீமைக்கும் தலைநகர் இதுதான்.

பழைய டி.வி. ஒன்று ஆக்ரிக் கடைக்கு வந்தால் என்ன ஆகும்? பின்மூடியைக் கழற்றியதும் முதலில் கண்ணில் படுவது படக்குழாயின் கழுத்தில் மாட்டியிருக்கும் செம்புச் சுருள். காசு பெயர்வது அதில்தான். திரையின் விளிம்பைச் சுற்றி இன்னொரு செம்புச் சுருள் ஓடும், அதையும் உருவிக்கொள்வார்கள். உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு தனி விலைக்குப் போகும். பிளாஸ்டிக் கூடு இன்னொரு குவியலுக்கு. கடைசியில் கனமான கண்ணாடிக் குழாய் மட்டும் மிஞ்சும். அதை எடுக்க ஆள் இல்லை. கழுத்தை உடைத்தால் காற்று உள்ளே பாயும், வெடிக்கும் அபாயமும் தீரும். பிறகு கண்ணாடி ஏதாவதொரு பள்ளத்துக்குப் போகும்.

பெரிய ஆபத்து இருப்பது அந்தக் கண்ணாடியில்தான். குழாய்க்குள் பிறக்கும் எக்ஸ் கதிர் வெளியே வராமலிருக்க, அதன் புனல் பகுதிக் கண்ணாடியில் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் ஈய ஆக்ஸைடு சேர்த்திருப்பார்கள். ஒரு படக்குழாயில் ஒன்று முதல் மூன்று கிலோ வரை ஈயம் இருக்கும். டி.வி. ஓடுகிற வரை அந்த ஈயம் வீட்டைக் காக்கிறது. உடைந்து மண்ணில் கிடக்கும்போது, இரண்டு பருவமழையும் வந்து கழுவும் நிலத்தில், கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது. நீரை எளிதில் உள்ளே விடும் செம்புரை மண் பூமி இது. வீட்டுக்கு வீடு கிணறு தோண்டிக் குடிக்கும் மாநிலமும் இது. குழந்தையின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

வயர்களின் கதை வேறு. மேலுறையைச் சீவி எடுக்கப் பொறுமை இல்லாத இடங்களில் அவற்றைக் குவித்துக் கொளுத்துவது வழக்கம். பி.வி.சி. எரியும் புகையில் டையாக்சின் வரும். அது காற்றோடு போய்விடுவதில்லை, புல்லிலும் பாலிலும் முட்டையிலும் வந்து தங்கும். சர்க்யூட் போர்டுகளோ பெரும்பாலும் இந்த ஊரில் நிற்பதில்லை. கை மாறிக் கை மாறிப் பெருநகரங்களுக்குப் போய்விடும். தில்லியின் சீலம்பூரில் அமிலத் தொட்டியில் போர்டுகளை முக்கித் தங்கமும் செம்பும் பிரிப்பவர்களைப் பற்றி, தில்லியைச் சேர்ந்த டாக்ஸிக்ஸ் லிங்க் அமைப்பு 2003-இலேயே எழுதியது. அதற்கு முந்தைய ஆண்டுதான் பணக்கார நாடுகளின் கணினிக் கழிவு சீனத்தின் குய்யூ ஊரில் குவிவதைப் பேசல் ஆக்‌ஷன் நெட்வொர்க் என்ற அமைப்பு அம்பலப்படுத்தியிருந்தது. ஒரு டன் கைபேசியிலுள்ள தங்கம், ஒரு டன் தங்கத் தாதுவில் கிடைப்பதைப்போலப் பல மடங்கு. வெறும் கையோடு அமிலத்தில் இறங்க ஆள் கிடைப்பது இதனால்தான்.

திருவனந்தபுரத்தைக் குப்பை விஷயத்தில் உலுக்கி எழுப்பியது விளப்பில்சாலை. 2000-இல் நகருக்கு வெளியே அந்தக் கிராமத்தில் மாநகராட்சியின் உர ஆலை வந்தது. மட்கும் குப்பைக்காக அமைத்த ஆலைக்கு எல்லாம் கலந்த குப்பை லாரி லாரியாகப் போனது. நாற்றமும் கசிவுநீரும் தாங்காமல் மக்கள் பதினொரு ஆண்டு போராடினார்கள். 2011 டிசம்பரில் ஆலை மூடப்பட்டது. மறுஆண்டு போலீஸ் துணையோடு உள்ளே நுழையப் பார்த்தும் ஊர் விடவில்லை. தலைநகரின் குப்பையை ஒரு கிராமத்தின் தலையில் கொட்டும் முறை அதோடு முடிந்தது. மட்கும் குப்பை வீட்டிலேயே குழாயிலும் தொட்டியிலும் உரமாக மாறத் தொடங்கியது. மட்காத பொருளுக்கு வழி தேட வேண்டிய கட்டாயமும் வந்தது. விளப்பில்சாலை மக்கள் தங்கள் தண்ணீருக்காகத்தான் நின்றார்கள். ஆனால் பின்னால் மாநிலம் முழுக்க வந்த ஏற்பாடுகளுக்கு அவர்கள் போட்ட அழுத்தத்தில் பெரிய பங்கு உண்டு.

2012 மே முதல் தேதி நாட்டின் முதல் மின்னணுக் கழிவு விதிகள் அமலுக்கு வந்தன. அடுத்த ஆண்டு திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு கிளீன் கேரளா கம்பெனி செயல்படத் தொடங்கியது. உள்ளாட்சித் துறையின் கீழ் வரும் அரசு நிறுவனம் இது. அரசு அலுவலகங்களில் ‘கழிவு’ என்று எழுதித் தள்ளத் தணிக்கைக்குப் பயந்து மாடிப்படிக்கு அடியில் ஆண்டுக்கணக்காக அடுக்கி வைத்திருந்த மானிட்டர்களுக்கும் பிரிண்டர்களுக்கும் அப்போதுதான் போக ஓர் இடம் கிடைத்தது. பள்ளிக் கணினிகளும் பின்னால் இதே வழியில் வந்தன. சேரும் பொருள் அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சி ஆலைக்குப் போகும். மீட்க எதுவும் இல்லாத நச்சுப் பொருள், கொச்சி அம்பலமேட்டில் அபாயக் கழிவுக்கென்றே அமைத்த நிலையத்துக்குப் போக வேண்டும்.

இடையில் விளக்குகள் ஒரு பாடம் சொல்லின. 2010 வாக்கில் மின்சாரச் சிக்கனத்துக்காக வீடுகளுக்குச் சலுகை விலையில் சி.எஃப்.எல். விளக்குகள் வழங்கப்பட்டன. நல்ல நோக்கம், மின்சாரமும் மிச்சமானது. ஆனால் ஒவ்வொரு விளக்கிலும் சில மில்லிகிராம் பாதரசம் உண்டு. எரிந்து முடிந்ததை யாரிடம் கொடுப்பது என்று அன்று யாரும் சொல்லவில்லை. பாதரச விளக்குகளை மின்னணுக் கழிவு விதிகளுக்குள் கொண்டுவந்தது 2016-ஆம் ஆண்டு விதிகள்தான். அதற்குள் எத்தனையோ விளக்குகள் தென்னை மூட்டிலும் தெருவோரத்திலும் உடைந்துவிட்டன. கொடுக்கும்போதே திரும்ப வாங்கும் வழியையும் சேர்த்துத் திட்டமிடாவிட்டால் இதுதான் நடக்கும்.

இன்று வீட்டு வாசலுக்கு வருபவர்கள் ஹரித கர்ம சேனைப் பெண்கள். குடும்பஸ்ரீ என்னும் மகளிர் குழுக்களிலிருந்து வந்த இவர்கள் மாதந்தோறும் கட்டணம் வாங்கிக்கொண்டு மட்காத பொருளை எடுத்துச் செல்கிறார்கள். 2025 ஜூலையில் நகரப் பகுதிகளில் ஒரு மாற்றம் வந்தது. மின்னணுக் கழிவுக்கு வீட்டாரிடம் கட்டணம் வாங்காமல், எடை பார்த்துச் சேனையே விலை கொடுக்கும் திட்டம் அது. ஆக்ரிக்காரர் காசு தருவார், அரசு காசு கேட்கும் என்ற நிலை இருந்தவரை நல்ல பொருள் எந்தப் பக்கம் போகும் என்பதில் சந்தேகமே இருந்ததில்லை. அந்த வகையில் இது சரியான முடிவு. ஆனால் ஆக்ரிக்காரர்களை வெளியே நிறுத்திவிட்டு இது முழுமை பெறாது. எந்தப் பொருளில் என்ன இருக்கிறது என்பது அவர்கள் கை அறியும். பயிற்சியும் கையுறையும் அடையாள அட்டையும் தந்து, படக்குழாய்க்கும் ஒரு விலை வைத்தால் அதைப் பள்ளத்தில் வீச அவர்களுக்கு என்ன தேவை?

அந்த விலையைத் தர வேண்டியவர்கள் தயாரிப்பாளர்கள். 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்த புதிய விதிகள் அதைத்தான் சொல்கின்றன. மறுசுழற்சி ஆலைக்குக் கிலோவுக்குக் குறைந்தது 22 ரூபாய் தர வேண்டும் என்று பின்னர் நிர்ணயித்தபோது, சில பெரிய நிறுவனங்கள் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. 2022-இல் உலகம் கழித்த மின்னணுப் பொருள் 6 கோடியே 20 லட்சம் டன். முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம்.

எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில், நிலைமை இன்னும் அவசரமானது. 2006 முதல் தமிழ்நாடு அரசு இலவசமாக வழங்கிய கலர் டி.வி.க்கள் ஒன்றரைக் கோடிக்கும் மேல். எல்லாமே படக்குழாய் வைத்தவை. உங்கள் தெருவில் அவை எங்கே போயின என்று உள்ளாட்சி உறுப்பினரிடம் கேளுங்கள். வீட்டில் இன்னும் ஒன்று கிடந்தால் உடைக்க விடாதீர்கள். வயரைக் கொளுத்துபவரைக் கண்டால் தடுங்கள், கூடவே அந்தச் செம்புக்கு அவருக்கு வேறு வழியில் காசு கிடைக்க ஏற்பாடு செய்யச் சொல்லி நகராட்சிக்கு எழுதுங்கள்.