அலையேற்பின் எல்லை: பில்ஸ்டேல் கம்பத்தை முன்னிட்டுத் தரைவழி டிஜிட்டல் தொலைக்காட்சி குறித்து ஓர் ஆராய்ச்சி

இங்கிலாந்தின் வடபகுதியில், வடக்கு யார்க் மூர்ஸ் என்னும் மேட்டுநிலத் தேசியப் பூங்காவில், 1969ஆம் ஆண்டு முதல் அரை நூற்றாண்டுக்கு மேலாக நின்று, டீஸ்சைடு, டர்ஹாம் மாவட்டத்தின் ஒரு பகுதி, வடக்கு யார்க்‌ஷயர் ஆகிய பிரதேசங்களுக்குத் தொலைக்காட்சியும் வானொலியும் வழங்கிவந்த பில்ஸ்டேல் ஒளிபரப்புக் கம்பத்தில், 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் தேதி தீப்பிடித்தது. 314 மீட்டர் உயரமுள்ள அந்த இரும்புக் கம்பம் சீர்செய்ய இயலாத அளவுக்குச் சேதமுற்றமையால் அக்டோபர் 6ஆம் தேதி வெடிவைத்து வீழ்த்தப்பட்டது. அதனிடத்தில் நிரந்தரமான புதிய கம்பம் எழுந்து பணிபுரிய 2023ஆம் ஆண்டு ஆயிற்று. லட்சக்கணக்கான வீடுகளில் ஒரே நாளில் திரை இருண்டுபோன இந்தச் சம்பவத்தை வெறும் விபத்தாகக் கொண்டு விவரித்துவிடுவோர் பலர். தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பைத் திட்டமிடுவோர் கையாளும் கணக்கிலேயே உறைந்திருந்த ஒரு குறையைத்தான் அந்தத் தீ வெளிப்படுத்தியது என்பதும், அலையை அனுப்பும் இடத்தைப் போலவே அதனை ஏற்கும் வீட்டையும் ஒளிபரப்பு அமைப்பின் அங்கமாகக் கருதினாலன்றி அக்குறை தீராது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

முதலில், டிஜிட்டல் முறையின் சிறப்பை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பிரிட்டனில் வழங்கும் முறையில், 8 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு வாய்க்காலில் ஒரே ஊர்தி அலைக்குப் பதிலாக 6,817 நுண்ணிய ஊர்தி அலைகள் அருகருகே செலுத்தப்படுகின்றன. ஒவ்வொன்றும் தன் குறியீட்டை 896 மைக்ரோ விநாடி நேரம் தாங்கி நிற்க, குறியீட்டுக்கும் குறியீட்டுக்கும் நடுவே 28 மைக்ரோ விநாடி காவல் இடைவெளி விடப்படுகிறது. குன்றிலோ கட்டடத்திலோ பட்டுத் திரும்பிய அலை, நேரே வந்த அலையைக் காட்டிலும் ஏறத்தாழ 8.4 கிலோமீட்டர் வரை அதிகமாகப் பயணம் செய்து தாமதித்து வந்தாலும், அந்த இடைவெளிக்குள் அடங்கிவிடுவதால் படத்துக்கு ஊறு விளைவதில்லை. அனலாக் காலத்தில் ஒரே உருவம் இரண்டு மூன்றாகத் தோன்றி மலைப்பிரதேசத்து ஜனங்களை வருத்திய நிழலுருவங்கள் இவ்வாறு அறவே நீங்கின. கணித சாஸ்திரம் சாமானிய மக்களின் இல்லங்களுக்குச் செய்த உபகாரங்களில் இதனை மிக உயர்ந்த வரிசையில் வைக்க நான் தயங்கமாட்டேன்.

ஆயினும் அந்த உபகாரத்தோடு ஒரு கடுமையும் உடன்வந்தது. அனலாக் அலை மெலிய மெலியப் படத்தில் புள்ளிகள் பெருகும், நிறம் மங்கும், எனினும் செய்தி வாசிப்பவரின் முகம் தெரியும், குரல் கேட்கும். டிஜிட்டல் அலையில் அத்தகைய படிப்படியான தேய்வு கிடையாது. 64 நிலைகள் கொண்ட பண்பேற்றத்தில், பிழை திருத்தத்திற்கென மூன்றில் ஒரு பங்கை ஒதுக்கி, விநாடிக்கு 24 மெகாபிட் அனுப்பும்போது, சமிக்ஞை இரைச்சலைவிட ஏறத்தாழ 17 டெசிபல் மேலே நிற்க வேண்டும். நின்றால் படம் பழுதற்றது. ஓரிரு டெசிபல் கீழிறங்கினால் கட்டம் கட்டமாகச் சிதைந்து முற்றும் மறைகிறது. 1998ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் தேதி பிரிட்டனில் ஆரம்பமான ஆன்டிஜிட்டல் என்னும் கட்டணச் சேவை, அனலாக் ஒளிபரப்புக்கு இடையூறு நேராதிருக்கக் குறைந்த ஆற்றலில் இயங்கவேண்டியிருந்தமையால், இந்தச் செங்குத்தான வீழ்ச்சியின் விளிம்பிலேயே அநேகம் வீடுகளை நிறுத்தியது. ஐடிவி டிஜிட்டல் என்று பெயர் மாறியும் 2002ஆம் ஆண்டில் அது வீழ்ந்தது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு. கால்பந்து ஒளிபரப்பு உரிமைக்குக் கொடுக்க ஒப்பிய பெருந்தொகை அவற்றுள் முக்கியமானது. ஆனால் அதே ஆண்டு அக்டோபர் 30ஆம் தேதி அதனிடத்தில் தோன்றிய ஃப்ரீவியூ சேவையில், சில மல்டிபிளெக்ஸ்கள் (பல சேனல்களை ஒரே வாய்க்காலில் சேர்த்து அனுப்பும் தொகுப்புகள்) 16 நிலைப் பண்பேற்றத்துக்கு இறங்கி, விநாடிக்கு 24 மெகாபிட்டை 18 ஆகக் குறைத்துக்கொண்டு, அந்தத் தியாகத்தால் ஏறத்தாழ 4 டெசிபல் உறுதியைப் பெற்றன என்பது கவனிக்கத்தக்கது. சேனல்களின் எண்ணிக்கையைக் குறைத்தேனும் வீட்டில் படம் நிலைத்து நிற்பதே பிரதானம் என்று திட்டமிடுவோர் ஒப்புக்கொண்ட அரிய தருணம் அது.

இனி, கணக்குக்கு வருவோம். பிரிட்டனின் வீடுகளில் 98.5 சதவீதம் பொதுச்சேவை ஒளிபரப்பைப் பெறுகின்றன என்று உத்தியோகபூர்வமாகச் சொல்லப்படுகிறது. இந்தச் சதவீதம் வீடுவீடாகச் சென்று அளந்து பெற்றதன்று. நாட்டை 100 மீட்டர் சதுரங்களாகப் பகுத்து, ஒரு சதுரத்திலுள்ள இடங்களில் 70 சதவீதத்திலேனும், 99 சதவீத நேரம், போதிய சமிக்ஞை இருக்குமென்று கணினி கணித்தால், அச்சதுரம் சேவை பெற்றதாகக் கொள்ளப்படுகிறது. அதுவும், தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில், கம்பத்தை நோக்கிச் சரியாகத் திருப்பிய கூரை ஆன்டெனா இருப்பதாகப் பாவித்துக்கொண்டு. அப்படியானால், எல்லைக்கோட்டில் நிற்கும் ஒரு சதுரத்தில் பத்தில் மூன்று இடங்கள் படமின்றி இருந்தாலும் அச்சதுரம் நிறைவானதாகவே எழுதப்படும். ஓட்டுக்கூரைக்குக் கீழே பரணில் ஆன்டெனாவை வைத்திருக்கும் கிழவியும், அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் ஜன்னலோரம் சிறு ஆன்டெனாவோடு வசிக்கும் குடும்பமும் அக்கணக்கில் தோன்றவே மாட்டார்கள். அணையின் மதகில் திறந்துவிட்ட நீரின் அளவைக் குறித்துக்கொண்டு, கடைமடை வயல் நனைந்ததா என்று பார்க்காமலே பாசனப் பரப்பை எழுதிவிடும் அதிகாரியின் ஏடு எப்படிப்பட்டதோ, அப்படிப்பட்டதே இதுவும்.

கடைமடையில் மற்றோர் ஏற்றத்தாழ்வும் இருக்கிறது. நாடெங்குமுள்ள ஆயிரத்துக்கு மேற்பட்ட ஒளிபரப்பு நிலையங்களுள் ஏறத்தாழ 80 பெரிய நிலையங்களே வணிக மல்டிபிளெக்ஸ்களையும் சேர்த்து வழங்குகின்றன. பள்ளத்தாக்குகளுக்கென அமைந்த சிறு மறு ஒளிபரப்பு நிலையங்கள் பொதுச்சேவை மல்டிபிளெக்ஸ்களை மட்டுமே தருகின்றன. தொலைக்காட்சி உரிமக் கட்டணமோ எல்லா வீட்டுக்கும் ஒன்றே.

பில்ஸ்டேல் கம்பம் எரிந்தபோது இவை யாவும் ஒருங்கே வெளிப்பட்டன. அதனிடமிருந்தே அலையைப் பெற்று மறு ஒளிபரப்புச் செய்த சிறு நிலையங்களும் உடன் மௌனமாயின. தாய் நிலையம் ஒன்றையே நம்பி நிற்கும் அமைப்பில் வேறென்ன நேரும்? கம்பத்தின் உரிமையாளரான ஆர்கிவா நிறுவனம் ஈஸ்டன் நாப் முதலிய இடங்களில் தற்காலிக ஏற்பாடுகள் செய்தது. பழைய இடத்தருகே 80 மீட்டர் தற்காலிகக் கம்பம் நாட்டுவதற்கு நிலத்தில் நுழையும் அனுமதி பற்றிய வழக்கு நீதிமன்றம் வரை சென்று, அது தீர்ந்த பின்னரே, அக்டோபர் மாதத்தில் அக்கம்பம் பணிபுரியத் தொடங்கியது. பேரிடர்க் காலத்தில் பொதுச்சேவைச் சாதனம் ஒன்றை மீட்கும் உரிமை சட்டத்தில் முன்கூட்டியே தெளிவாக இல்லாமற்போனது, தீயைக் காட்டிலும் வருந்தத்தக்கது என்பது என் அபிப்பிராயம்.

உயரம் குறைந்ததன் விளைவைச் சற்று ஆழ்ந்து பார்க்கவேண்டும். வானலையின் அடிவானத் தூரம், கம்பத்தின் உயரத்தை மீட்டரில் எடுத்து அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் ஏறத்தாழக் கிடைக்கும். சமவெளியில் 314 மீட்டர் கம்பத்துக்கு அது 73 கிலோமீட்டர். 80 மீட்டர் கம்பத்துக்கு 37 கிலோமீட்டர். பில்ஸ்டேல் உயர்ந்த மேட்டின்மீது நிற்பதால் வெட்டவெளிக்கு இந்த நஷ்டம் இத்தனை பெரிதாக நேராது. எனவே நகரங்கள் விரைவாக மீண்டன. ஆனால் முகட்டுக்கு அப்பால் ஒளிந்த பள்ளத்தாக்கின் விஷயம் வேறு. 314 மீட்டரிலிருந்து முகட்டைத் தாண்டி எட்டிப்பார்த்த அலைக்கு 80 மீட்டரிலிருந்து முகடே சுவராகிவிடுகிறது. அனலாக் காலமாயின் முகட்டில் வளைந்து மெலிந்து வரும் அந்த அலையில் புள்ளி நிறைந்த படமேனும் தெரிந்திருக்கும். 1969ஆம் ஆண்டு மார்ச் 19ஆம் தேதி பனிக்கட்டியின் பாரத்தால் எம்லி மூர் என்னும் மற்றோர் ஒளிபரப்புக் கம்பம் சரிந்தபோது, சில தினங்களிலேயே எழுப்பிய சிறு கம்பத்தால் பெரும்பாலோருக்கு ஏதோ ஒரு படமேனும் கிட்டியது. டிஜிட்டல் முறையில் அந்த ‘ஏதோ ஒரு படம்’ என்ற நிலையே இல்லை.

வேறு நிலையத்தை நோக்கி ஆன்டெனாவைத் திருப்பிக்கொள்ளலாமே என்பார் உண்டு. ஆன்டெனாக்கள் அலைவரிசைப் பிரிவுக்கேற்பச் செய்யப்பட்டவை. பில்ஸ்டேலின் பழைய வாய்க்கால்கள் கீழ்ப்பகுதியைச் சேர்ந்தவை என்பதால் அப்பிரதேசத்துக் கூரைகளில் ‘ஏ’ பிரிவு ஆன்டெனாக்களே பொருத்தப்பட்டு வந்தன. மேல் வாய்க்கால்களில் அவை திறன் குன்றும். பெரிய நிலையங்கள் பொதுவாகக் கிடைத்தளத்திலும், சிறு நிலையங்கள் பெரும்பாலும் செங்குத்துத் தளத்திலும் அலையை அனுப்புவதால், திசையை மாற்றுவதோடு ஆன்டெனாவையே சுழற்றிப் பொருத்தவும் வேண்டும். எண்பது வயது மனிதர் பலரால் இதற்காக ஏணியில் ஏறமுடியாது. கூலி கொடுத்து ஆள் அழைக்க எல்லோருக்கும் வசதியில்லை.

செயற்கைக்கோளும் அகன்ற அலைவரிசை இணையமும் இருக்கையில் தரைவழி ஒளிபரப்பை ஏன் பேணவேண்டும் என்பது வலுவான ஆட்சேபம். சுவிட்சர்லாந்து 2019ஆம் ஆண்டு ஜூன் மாதம் அதனை நிறுத்தியே விட்டது. அங்கே அதனை நம்பியிருந்த வீடுகள் மிகச் சொற்பம் என்பது அதற்கான நியாயம். பிரிட்டனின் நிலை அதுவன்று. இணையத்துக்கு மாதந்தோறும் பணம் வேண்டும். செயற்கைக்கோளுக்குத் தட்டும், அதைச் சுவரில் பொருத்த வீட்டுக்காரரின் சம்மதமும் வேண்டும். உரிமக் கட்டணத்துக்கு அப்பால் எவருக்கும் கணக்குக் கொடுக்காமல், யார் எதைப் பார்த்தார் என்று எவரும் குறித்துக்கொள்ளாமல் இல்லத்தில் வந்து சேரும் சாதனம் தரைவழி அலை ஒன்றே. ஏழைக்கும் முதியோருக்கும் தனித்து வாழ்வோருக்கும் அது பொழுதுபோக்கு மாத்திரமன்று. வெளியுலகத்தோடு மிஞ்சியிருக்கும் தொடர்பு.

தரைவழி மல்டிபிளெக்ஸ்களின் உரிமங்கள் 2034ஆம் ஆண்டு வரை செல்லும். அதற்கப்பால் அவற்றைத் தொடர்வதா, இணையத்துக்கு மாற்றுவதா என்ற விவாதம் இப்போதே நடைபெறுகிறது. எம்முடிவாயினும், அது கணினி கணித்த சதுரங்களின்மேல் எடுக்கப்படலாகாது. ஒவ்வொரு பிரதேச நிலையத்துக்கும் மாற்றுக் கம்பமும், அதனை உடனே நாட்டும் சட்ட உரிமையும் முன்னதாகவே ஏற்பாடாக வேண்டும். சேவைப் பரப்பை வெளியிடும்போது ஆன்டெனாவின் உயரம் பற்றிய அனுமானத்தையும் சேர்த்தே வெளியிட வேண்டும். முடிவெடுக்கும் பொறுப்பிலுள்ளவர்கள், அதற்கு முன்பாக, பில்ஸ்டேல் பிரதேசத்துப் பள்ளத்தாக்குகளில் வீடுவீடாக அளந்து, அக்கணக்கை ஜனங்கள் முன் வைக்க வேண்டும்.