மந்திரத்துக்கு விலை வேணும்... மர்மத்துக்கு விளக்கம் வேண்டாம்! - ஃபேன்டஸி ரசிகரின் நாவல், சினிமா, கேம் கையேடு

டிராகன், மந்திரவாதி, பேசும் மரம், மாய மோதிரம்... 'ஃபேன்டஸி' என்றதும் இவைதான் சட்டென்று நினைவுக்கு வரும். 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்', 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' எல்லாம் பார்த்து முடித்துவிட்டு, "அடுத்து என்ன பாஸ்?" என்று கேட்பவர்கள் நிறைய பேர். பட்டியலுக்கு இணையத்தில் பஞ்சமே இல்லை. ஆனால், ஒரு கற்பனை உலகம் ஏன் வருஷக்கணக்கில் மனசுல நிக்குது, இன்னொண்ணு ஏன் ரெண்டே நாள்ல மறந்துபோகுது என்பதைப் பட்டியல்கள் சொல்வதில்லை.

நாவல், சினிமா, ரோல்பிளேயிங் கேம் என எதை எடுத்தாலும் நான் இரண்டே கேள்விகள் கேட்பேன். ஒன்று, இங்கே மந்திரத்துக்கு என்ன விலை? இரண்டு, இந்த உலகத்தில் எனக்குச் சொல்லாமல் விட்டது என்ன? முதல் கேள்விக்குத் தெளிவான பதில் வேணும். இரண்டாவதுக்கு ஏதாவது மிச்சம் இருக்கணும். இந்த இரண்டும் தலைகீழானால், எத்தனை கோடி செலவு செய்தாலும் அந்த உலகம் ஒட்டாது.

சும்மா வராது மந்திரம்!

உர்சுலா லெ குவின் எழுதிய 'எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ' 1968-ல் வெளிவந்தது. மந்திரப் பள்ளி, அங்கே படிக்க வரும் ஒரு சிறுவன்... ஹாரி பாட்டரின் முதல் புத்தகத்துக்கு 29 வருடங்கள் முன்பே இந்தக் கதை வந்துவிட்டது. கெட் என்ற அந்தப் பையன், சக மாணவனிடம் கெத்து காட்டுவதற்காக, செத்துப்போன ஒருவரின் ஆவியை அழைக்கிறான். கூடவே பெயர் தெரியாத ஒரு நிழலும் உள்ளே வந்துவிடுகிறது. அது அவன் முகத்தைக் கிழித்துவிடுகிறது. திறந்த வாசலை மூடுவதற்காகத் தலைமை மந்திரவாதி தன் உயிரையே கொடுக்கிறார். மிச்சக் கதை முழுக்க அந்த நிழலோடுதான். எர்த்ஸீயில் மந்திரம் என்பது உலகத்தின் சமநிலையில் கைவைக்கும் வேலை. ஓரிடத்தில் ஒன்றை மாற்றினால் இன்னோர் இடத்தில் யாரோ கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கும்.

ஜாக் வான்ஸின் 'த டையிங் எர்த்' (1950) வேறு மாதிரி. அங்கே ஒரு மந்திரவாதியின் மூளையில் சில மந்திரங்கள்தான் தங்கும். ஒன்றைப் பயன்படுத்திவிட்டால் அது நினைவிலிருந்தே அழிந்துபோகும். காலையில் எதை மனப்பாடம் செய்தோம் என்பதுதான் சாயங்காலம் உயிரோடு இருப்போமா என்பதைத் தீர்மானிக்கும். இந்த ஐடியாவைத்தான் பின்னாளில் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' கேம் அப்படியே எடுத்துக்கொண்டது.

பிராண்டன் சாண்டர்சனின் 'மிஸ்ட்பார்ன்' (2006) படித்தால் ஏதோ இயற்பியல் பாடம் மாதிரி இருக்கும். உலோகத் துகளை விழுங்கி உடம்புக்குள் 'எரித்தால்' சக்தி வரும். எஃகை எரித்தால் எதிரே இருக்கும் உலோகத்தைத் தள்ளலாம். ஆனால், அந்தப் பொருள் உங்களைவிட கனமாக இருந்தால் நீங்கள்தான் பின்னால் பறப்பீர்கள்! விதி இவ்வளவு தெளிவாக இருப்பதால், நாயகி ஒரு சண்டையில் ஜெயிக்கும்போது 'எழுத்தாளர் காப்பாத்திட்டார்' என்று தோன்றாது. 'அவ புத்திசாலி' என்றுதான் தோன்றும்.

யார் அந்த டாம் பாம்படில்?

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். 1954-55-ல் மூன்று பாகங்களாக வந்த 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலில் டாம் பாம்படில் என்றொரு ஆசாமி வருவார். உலகையே நடுங்கவைக்கும் அந்த மோதிரத்தை விரலில் போட்டும் மறையமாட்டார். சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிடுவார். அவர் யார், எந்த இனம், மோதிரம் ஏன் அவரிடம் பலிக்கவில்லை? புத்தகத்தில் முழுப் பதில் கிடையாது.

டோல்கீனுக்கு விளக்கம் சொல்லத் தெரியாதா என்ன? ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர். மொழிகளை உருவாக்கி, அவற்றைப் பேசுவதற்கு ஆட்கள் வேண்டுமே என்று உலகத்தைக் கட்டியவர். நாள்காட்டி, வம்ச வரலாறு, எழுத்து வடிவம் என்று பின்னிணைப்பு போட்டவர். அப்படிப்பட்டவர், பாம்படில் புதிராக இருப்பது வேண்டுமென்றே செய்தது என்று ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். அந்த ஒரு பாத்திரத்தால் நமக்கு ஒரு விஷயம் புரிகிறது... இந்த மோதிரப் போரைவிட உலகம் பெரியது. நாம் பார்ப்பது அதில் ஒரு ஓரம்தான்.

கேமராவுக்கு இருட்டு பிடிக்காது

சினிமாவின் பிரச்னையே இங்குதான். பீட்டர் ஜாக்சன் 2001 முதல் 2003 வரை எடுத்த மூன்று படங்களில் பாம்படிலைத் தொடவே இல்லை. 9 மணி நேரத்துக்கும் மேலான படத்தில் அவருக்கு இடமில்லை. ரசிகர்கள் பலர் கோபப்பட்டார்கள். என்னைக் கேட்டால் அது நல்ல முடிவு. 2024-ல் வந்த 'ரிங்ஸ் ஆஃப் பவர்' இரண்டாவது சீசனில் பாம்படிலைக் கொண்டுவந்து, ஒரு மந்திரவாதிக்கு வழிகாட்டும் குரு ஆக்கினார்கள். புதிராக இருந்தவர், கதைக்கு உதவும் பெரியவர் ஆகிவிட்டார். அதற்கு அவர் வராமலே இருந்திருக்கலாம்.

ஜாக்சனே 'ஹாபிட்' விஷயத்தில் சறுக்கினார். 1937-ல் வந்த அந்த நாவலில், இருண்ட காட்டின் விளிம்பில் கேண்டால்ஃப் திடீரென்று கிளம்பிப் போய்விடுவார். எங்கே போனார், என்ன செய்தார் என்பது கடைசியில் சில வரிகளில் மட்டும் வரும். அவர் இல்லாததால்தான் பில்போ தானே யோசித்து, தானே துணிய வேண்டியிருக்கிறது. படத்திலோ கேண்டால்ஃப் போன இடத்துக்கெல்லாம் கேமராவும் போனது. ஒரு குட்டி நாவல் மூன்று படங்களாக, ஏறத்தாழ 8 மணி நேரம் ஓடியது. பாவம், பில்போ தன் கதையிலேயே கெஸ்ட் ரோல் ஆகிவிட்டான்.

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் வெள்ளைப் பேய்களும் அப்படித்தான். அவை எப்படி உருவாயின என்று ஆறாவது சீசனில் (2016) காட்டிய பிறகு, எனக்கு அந்தப் பழைய பயம் வரவே இல்லை. ஜார்ஜ் ஆர்.ஆர்.மார்ட்டின் இதுவரை எழுதிய ஐந்து நாவல்களில் அந்தப் பதிலைச் சொல்லவில்லை. பனிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்ற நடுக்கம் அங்கே இன்னும் மிச்சமிருக்கிறது.

இதைச் சரியாகச் செய்த படம் எது? ஹயாவோ மியாசாகியின் 'ஸ்பிரிட்டட் அவே' (2001). விதிகள் எல்லாம் பளிச். அந்த உலகத்தின் உணவைச் சாப்பிடாவிட்டால் உடம்பு கரைந்துபோகும். வேலை கிடைக்காவிட்டால் விலங்காகிவிடுவாய். சொந்தப் பெயரை மறந்தால் வீட்டுக்குத் திரும்பமுடியாது. ஆனால், கடலுக்கு நடுவே ஓடுகிறதே ஒரு ரயில்... அதில் நிழலாக உட்கார்ந்திருப்பவர்கள் யார், எங்கே இறங்குகிறார்கள்? படம் வாயே திறக்காது. ஆனால், 2003-ல் ஆஸ்கர் வாங்கிய இந்தப் படத்தைப் பார்த்து முடித்ததும் முதலில் நினைவுக்கு வருவது அந்த ரயில்தான்.

பதிலை நீங்களே சொல்லுங்க!

'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரின் முதல் எபிசோடில் நாலு பசங்க மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டுவார்களே... அதுதான் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் உருவாக்கி, 1974-ல் அமெரிக்காவில் வெளிவந்தது. ஒருவர் உலகத்தை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரம். "நான் கதவை உடைக்கிறேன்" என்று நீங்கள் சொன்னால், 20 முகப் பகடை உருளும். உடைந்ததா இல்லையா என்பதை எண் சொல்லும். முன்கூட்டியே எழுதிவைத்த வசனம் கிடையாது.

இந்த விளையாட்டு நடக்கும் கற்பனை உலகங்களை 'செட்டிங்' என்பார்கள். மிகப் பிரபலமானது எட் கிரீன்வுட் உருவாக்கிய 'ஃபர்காட்டன் ரியல்ம்ஸ்'. 1987-ல் பெட்டியாக வெளிவந்தது. 2023-ல் சக்கைப்போடு போட்ட 'பால்டர்ஸ் கேட் 3' வீடியோ கேம் நடப்பதும் இங்கேதான். செம உலகம். ஆனால், நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் அதன் மூலை முடுக்கெல்லாம் நிரம்பிக் கிடக்கின்றன. "ஊரை டிராகன் எரிக்குதே, மகா மந்திரவாதி எல்மின்ஸ்டர் ஏன் வரலை?" என்று மேஜையில் யாராவது கேட்டால், பதில் சொல்வதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

விலை பற்றிப் பேச 'டார்க் சன்' (1991) போதும். ஆதாஸ் என்ற பாலைவன உலகம். இங்கே மந்திரம் போட, சுற்றியுள்ள செடி கொடிகளின் உயிரை உறிஞ்ச வேண்டும். பேராசை பிடித்தவர்கள் உறிஞ்சி உறிஞ்சியே மண் சாம்பலாகிவிட்டது. இரும்புக்கு அவ்வளவு பஞ்சம். ஆயுதம் எலும்பில், நாணயம் சுட்ட மண்ணில்!

என் முதல் மார்க் 'எபெரா'னுக்குத்தான். புதிய செட்டிங் தேடி 2002-ல் நடந்த போட்டியில், 11,000 போல வந்த யோசனைகளில் கீத் பேக்கருடையது ஜெயித்தது. புத்தகம் 2004-ல் வந்தது. நூறு வருடப் போரின் நடுவே, சயர் என்ற நாடு ஒரே நாளில் அழிந்துவிட்டது. சுற்றிலும் சாம்பல் நிற மூடுபனி. தப்பித்தவர்கள் அகதிகள். யார் செய்தது என்று தெரியாத பயத்தில் மற்ற நாடுகள் சமாதானத்துக்கு வந்தன. காரணம் என்ன? அதிகாரபூர்வமான பதில் கிடையாது. வேண்டுமென்றே விடப்பட்ட இடைவெளி அது. சயரில் வீட்டை இழந்தவராக நீங்கள் விளையாடும்போது, 'எங்கள் ஊரை யார் அழித்தது?' என்ற கேள்வி உங்களுடையது. ஒவ்வொரு மேஜையிலும் அதற்கு வேறு வேறு பதில் கிடைக்கும், எல்லாமே சரி.

மர்மம் வேற... மழுப்பல் வேற!

'எதையும் விளக்காவிட்டால் அது சோம்பேறித்தனம் ஆகாதா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வித்தியாசம் எளிது. கதையின் சிக்கலைத் தீர்க்கும் விஷயம் என்றால் விதியை முன்பே சொல்லியாக வேண்டும். க்ளைமாக்ஸில் திடீரென்று புது சக்தி முளைத்தால் அது மழுப்பல். பாம்படில் யாருடைய போரையும் ஜெயித்துக் கொடுக்கவில்லை. மியாசாகியின் ரயில் யாரையும் காப்பாற்ற வந்து நிற்கவில்லை. அதனால்தான் அவை மர்மமாக இருக்க முடிகிறது.

புதுசா வர்றவங்க எங்கே தொடங்கலாம்?

* ஒரே வாரத்தில் படிக்க: 'எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ'. 2004-ல் வந்த டி.வி தொடரைத் தவிர்க்கலாம். அதை லெ குவினே வெளிப்படையாக விமர்சித்திருக்கிறார்.

* விறுவிறுப்பு வேண்டுமா: 'மிஸ்ட்பார்ன்' முதல் பாகம். கதை அதிலேயே ஓரளவு நிறைவாக முடிந்துவிடும்.

* குடும்பத்தோடு பார்க்க: 'ஸ்பிரிட்டட் அவே'. சின்னக் குழந்தைகள் ஓரிரு காட்சிகளில் பயப்படலாம்.

* டோல்கீனுக்குள் நுழைய: முதலில் 'ஹாபிட்' நாவல், பிறகு ஜாக்சனின் முதல் மூன்று படங்கள், அதன் பிறகு பெரிய நாவல்.

* விளையாட: நாலைந்து நண்பர்கள், ஒரு செட் பகடை போதும். அடிப்படை விதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. முதல் ஆட்டத்துக்கு ஒரு கிராமம், ஒரு காடு, ஒரு காணாமல்போன ஆள் இருந்தால் போதும். அந்த ஆள் ஏன் காணாமல்போனார் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யாதீர்கள். உங்கள் நண்பர்கள் அதைவிட நல்ல காரணம் ஒன்றைக் கண்டுபிடிப்பார்கள்.