புணானைச் சிறுத்தை

மட்டக்களப்பு வாவிக்கு வடமேற்கே, வாழைச்சேனையிலிருந்து பொலன்னறுவை நோக்கிச் செல்லும் காட்டுப் பாதையில் அமைந்துள்ளது புணானை. 1928இல் மட்டக்களப்புக்குப் புகைவண்டி வந்து சேர்வதற்கு முன்னர், வாவிக்கரையினர் பலர் மாட்டுவண்டியிலும் கால்நடையாகவுமே இவ்வழியைக் கடந்தனர். அவ்வாறு சென்றோருள் பன்னிருவரையேனும் ஒரு சிறுத்தை கொன்றது. 1924இல் கப்டன் செல்ரன் ஏகர் அதனைச் சுட்டு வீழ்த்தினார்.

இலங்கையிற் புலியில்லை, எனினும் நம்மவர் பேச்சிற் சிறுத்தையே புலி. 1956இல் தெரணியகல இவ்வினத்துக்கு அறிவியற் பெயரிட்டபோதும் ‘கொட்டியா’ என்னும் சிங்களச் சொல்லையே கொண்டார். மானும் பன்றியும் கூட்டமாய்த் திரியும் இக்காட்டிற் சிறுத்தை தனித்தே வாழ்வது. தனக்கென ஓர் எல்லை வகுத்து, மரத்தை நகத்தாற் கீறியும் சிறுநீர் தெளித்தும் அதனை அறிவிக்கும். ஆணும் பெண்ணும் கூடுங்காலத்து மட்டுமே சந்திக்கும். குட்டிகள் ஏறத்தாழ இரண்டு ஆண்டில் தாயைப் பிரிந்துவிடும். அதன்பின் உறவென்று ஒன்றில்லை. பிற நாடுகளிற் சிங்கத்துக்கும் புலிக்கும் அஞ்சி இரையை மரத்தில் ஏற்றுகின்ற சிறுத்தை, போட்டியற்ற இந்நாட்டில் அங்ஙனம் செய்வது அரிது.

ஈண்டு நாம் கருதவேண்டியது ஒன்றுண்டு. ஆளைக் கொல்லுதல் இவ்வினத்தின் இயல்பன்று. மனிதரைக் கண்டால் விலகிச் செல்வதே அதன் வழக்கம். புணானையிற் கொன்றது ஒரு தனி விலங்கு, அப்பழி இனத்துக்குரியதன்று. இதே காலத்து இமயமலைச் சாரலில் உருத்திரப்பிரயாகைச் சிறுத்தை 1918 முதல் 125 பேரைக் கொன்றது. 1926இல் ஜிம் கோர்பெற் அதனைச் சுடுவதற்குள், அதுவே எனக் கருதி வேறு சிறுத்தைகளும் கொல்லப்பட்டன. தனித்து வாழும் விலங்கின் குற்றத்தை இனத்தின்மேல் ஏற்றினால் நிகழ்வது அதுவே.

புணானைச் சிறுத்தை பாடஞ் செய்யப்பெற்றுக் கொழும்பு நூதனசாலையை அடைந்தது. 1992இல் கிறிஸ்ரோபர் ஒண்டாச்சி அதன் பெயரால் ஆங்கிலத்தில் ஒரு நூலும் எழுதினார். சுட்டவர் பெயர் நிலைத்தது. மாண்டவரோ, பன்னிருவர் என்னும் எண்ணாகவே பேசப்படுகின்றனர். நம் பிரதேச வரலாற்றை எழுதுவோர் தேடவேண்டிய பெயர்கள் அவை.

இலங்கை முழுவதிலும் வளர்ந்த சிறுத்தைகள் இன்று ஆயிரத்துக்கும் குறைவே. 2020இல் அனைத்துலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இவ்வினத்தை அழிவபாயத்துக்கு உட்படக்கூடியதென வகைப்படுத்தியது.