ஒட்டு மாவும் லால்பாக்கும்

நல்ல மாம்பழம் ஒன்றை உண்டபின் அதன் கொட்டையைப் புறக்கடையில் ஊன்றி வைப்பது நம்மவர் வழக்கம். பல ஆண்டுகள் கழித்து அம்மரம் காய்க்குங்கால், எதிர்பார்த்த சுவை பெரும்பாலும் அதில் இராது. காரணம் யாதெனின், மாவின் விதை பெரும்பாலும் வேறொரு மரத்தின் மகரந்தம் கலந்து உண்டாவது. தாய்மரத்தின் குணம் முழுவதையும் அது சுமந்து வருவதில்லை. மேற்குக் கடற்கரையின் சில இனங்களே இதற்கு விலக்கு. ஆகவே, நற்கனி மரத்தை அடுத்த தலைமுறைக்கு அளிக்க விரும்பியோர் கண்ட வழியே ஒட்டுக்கட்டுதல்.

இக்கலை நம் நாட்டிற்குப் புதியதன்று. கி.பி. 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் இயற்றிய பிருகத் சம்ஹிதை, பலா, மாதுளை முதலியவற்றை மற்றொரு மரத்தின் வேரிலோ தண்டிலோ பொருத்தி வளர்க்கும் முறையைக் கூறுகிறது. மாமரத்திற்கு இம்முறையைக் கோவாவில் பெரிதும் பரப்பியவர் போர்த்துகீசியர் என்பர். அவர்தம் தளபதி அல்போன்சோ தெ அல்புகர்க்கின் பெயரைத் தாங்கிய அல்போன்சா மாவே, இன்று பெங்களூர்ச் சந்தையில் ‘பாதாமி’ என விற்கப்படுகிறது.

நம் பெங்களூரில் தோட்டக்கலையின் தாய்வீடு லால்பாக். 1760இல் ஹைதர் அலி தொடங்கிய அத்தோட்டத்தை அவர் மைந்தர் திப்பு விரிவாக்கினார். 1856இல் அது அரசினர் தாவரத் தோட்டமாயிற்று. 1874 முதல் ஜான் கேமரன் அதனை நடத்தினார். 1908இல் பொறுப்பேற்ற செர்மானியர் கிரும்பிகல், 1912இல் மைசூர்த் தோட்டக்கலைச் சங்கம் தோன்றக் காரணமாயிருந்தார். பின்னர் வந்த மரிகௌடா, மாநிலமெங்கும் நாற்றுப்பண்ணைகள் அமைத்து, நல்ல கன்றுகள் எளிய குடியானவர் கைக்கும் எட்டச் செய்தார். இவர்கள் பெயர்களோடு, பெயரறியாத் தோட்டக்காரர்களையும் நினைத்தல் வேண்டும். இந்நகரின் தொன்மையான தோட்டக்குடியினரான திகளருள் ஒரு சாரார் இன்றும் தமிழோடு நெருங்கிய பேச்சு வழக்கை உடையவர்கள். கரக விழாவை நடத்துவோரும் அம்மக்களே.

1967இல் ஹெசரகட்டாவில் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பெற்றது. நம் தமிழகத்து நீலம் மாவையும் அல்போன்சாவையும் கலந்து ‘அர்கா நீலகிரண்’ என்னும் இனத்தை அது உருவாக்கியது. தில்லி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1971இல் வெளியிட்ட மல்லிகா, நீலத்திற்கும் வடநாட்டுத் தசேரிக்கும் பிறந்தது. எனினும் மல்லிகாவின் கொட்டையை ஊன்றினால் மல்லிகா கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை. முதல் மரத்தின் கிளை, கைமாறிக் கைமாறி ஒட்டப்பட்டே நம் தோட்டங்களை வந்தடைந்துள்ளது.

இதனை வீட்டிலும் செய்யலாம். பழைய முறை நெருக்கு ஒட்டு: தொட்டியில் வளர்ந்த ஓராண்டுக் கன்றைத் தாய்மரத்தின் கிளையருகே வைத்து, இரண்டிலும் இரண்டங்குல நீளம் பட்டையைச் சிறிது கட்டையோடு சீவி, சீவிய பக்கங்களைப் பொருத்திக் கட்டுவர். இரண்டு மூன்று திங்களில் அவை கூடியபின், கன்றின் தலையையும் கிளையின் அடியையும் அறுத்துவிடுவர். மற்றொன்று ஆப்பு ஒட்டு: இளங்கன்றின் தண்டைப் பிளந்து, ஆப்புப்போல் சீவிய முற்றிய குருத்துக் குச்சியை அதில் செருகி, பாலிதீன் நாடாவால் இறுகக் கட்டுவது. பட்டையின் கீழுள்ள பசிய படலங்கள் ஒன்றையொன்று தொட வேண்டும். அப்படலமே இரண்டையும் இணைப்பது. காற்றில் ஈரமுள்ள ஆனி முதல் ஆவணி வரை இதற்கு உகந்த காலம். கட்டிற்குக் கீழே துளிர்ப்பவற்றை அவ்வப்போது கிள்ளிவிடுக. இல்லையேல் அவை ஓங்கி ஒட்டை நலியச் செய்யும்.

இதனை ஈண்டு எழுதக் காரணம் உண்டு. தனி வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்குமாடிகள் எழும் இந்நகரில், பாட்டனார் வைத்த மாமரங்கள் ஒரே நாளில் வீழ்கின்றன. மரத்தைக் காக்க இயலாதவிடத்து, கோடரி வருமுன் பத்துக் குச்சிகளையேனும் வெட்டி ஒட்டிவைத்தால், அம்மரம் வேறொரு வேரில் வாழும். நற்கனி தானே வழிவழி வருவதன்று; ஒவ்வொரு தலைமுறையும் தன் கையால் கட்டித் தரவேண்டியது. அயல் மண்ணில் பிறந்த நம் பிள்ளைகளுக்குத் தமிழும் அவ்வாறே அன்றோ?