பெயரறியா மலர்களின் நாட்டில்

மணம் முடித்துப் புதிய ஊருக்குக் குடிபோகும் தம்பதியர் முதலில் தேடுவன எளிய பொருள்களே. நல்ல தண்ணீர் எங்கே கிடைக்கும், மாவு எங்கே அரைப்பார்கள், ஞாயிறன்று எந்த ஆலயத்திற்குச் செல்வது என்று விசாரித்து அறிகின்றனர். நாள்கள் செல்லச் செல்ல இவை பழகிவிடுகின்றன. ஆயினும் பண்டிகை நாள் வந்துவிட்டால் மனம் பிறந்த வீட்டு முற்றத்திற்கே திரும்பி ஓடுகிறது. இத்தகைய செய்திகளை வரலாற்று நூல்கள் பெரும்பாலும் குறித்து வைப்பதில்லை. படையெடுப்புகளின் ஆண்டுகளை நாம் அறிவோம். குடிபெயர்ந்த பெண்ணொருத்தி தன் முதல் விழாவை எவ்வாறு கொண்டாடினாள் என்பதை அறிவதில்லை.

இக்குறையை ஓரளவு போக்கும் எழுத்துகளை விட்டுச் சென்றவர்களுள் கேத்தரின் பார் டிரெயில் அம்மையார் ஒருவர். 1802இல் இங்கிலாந்தில் ஸ்ட்ரிக்லண்ட் குடும்பத்தில் பிறந்தவர். உடன்பிறந்தோர் பலர் எழுத்தாளராய் விளங்கிய குடும்பம் அது. சிறுவர் நூல்கள் பல எழுதிப் பெயர்பெற்றிருந்த கேத்தரின், 1832 மே 13ஆம் நாள், தம் 30ஆம் வயதில், தாமஸ் டிரெயில் என்பவரை மணந்தார். ஸ்காட்லாந்தின் வடக்கே உள்ள ஆர்க்னித் தீவுகளைச் சேர்ந்த தாமஸ், அரைச் சம்பளத்தில் இருந்த படை அதிகாரி, மனைவியை இழந்தவர், நூல்களில் ஆழ்ந்த நாட்டமுடையவர். அரைச் சம்பளம் இல்லறத்திற்குப் போதாது. முன்னாள் படை அதிகாரிகளுக்குக் கனடாவில் நிலம் வழங்கப்பட்டு வந்தது. கேத்தரினின் தம்பி சாமுவேல் ஏற்கெனவே மேல் கனடாவின் காட்டுப் பகுதியில் குடியேறியிருந்தார். எனவே மணமான இரண்டு மாதங்களுக்குள் இருவரும் கப்பல் ஏறினர்.

அவர்கள் சென்ற ஆண்டு கொடிய ஆண்டு. 1832இல் காலரா நோய் குடியேறுவோர் கப்பல்களோடு சேர்ந்து கனடாவுக்குள் நுழைந்தது. செயின்ட் லாரன்ஸ் ஆற்றிலுள்ள குரோஸ் தீவில் நோய்த்தடுப்பு நிலையம் அவ்வாண்டில்தான் அமைக்கப்பட்டது. ஆற்றில் கப்பல் நங்கூரமிட்டு நின்ற ஓரிடத்தில், கரைக்குச் செல்லக் கேத்தரினுக்கு வாய்ப்புக் கிட்டவில்லை. கரைக்குச் சென்று திரும்பிய கணவர் அவருக்காகக் காட்டுப் பூக்களைக் கொத்தாகப் பறித்து வந்தார். புதிய நாடு புதுமணப்பெண்ணின் கைக்கு வந்தது ஒரு பூங்கொத்தின் வடிவில்தான். மாண்ட்ரியல் நகரை அடைந்ததும் கேத்தரினையே காலரா பற்றியது. கணவரும் தங்கியிருந்த விடுதியின் பெண்களும் காட்டிய பரிவினால் அவர் பிழைத்தார். பின்னர் ஏரியையும் ஆற்றையும் கடந்து, இறுதித் தொலைவை இரவில் காட்டு வழியே நடந்து, செப்டம்பரில் பீட்டர்பரோ என்னும் சிற்றூரை அடைந்தனர்.

அங்கிருந்து சற்று வடக்கே, கட்சவானூக் ஏரியின் கரையில், சாமுவேலின் நிலத்தை அடுத்து அவர்களுடைய நிலம் இருந்தது. நிலம் என்று சொன்னாலும் அது வானை மறைத்து நின்ற பெருங்காடு. மரங்களை வெட்டி, அடுக்கி, எரித்தால்தான் விதைக்க இடம் கிடைக்கும். வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகள் பல ஆண்டுகள் வயலிலேயே நிற்கும். அவற்றின் இடையேதான் கோதுமையைத் தூவ வேண்டும்.

வீடு எழுப்புவது தனியொருவரால் ஆகும் செயலன்று. அக்காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. வீடு கட்டுபவர் அழைப்பு விடுப்பார்; அக்கம்பக்கத்தார் கூடி வந்து கூலியின்றி உழைப்பர்; பின்னர் அவர்களுக்குத் தேவை வரும்போது இவர் சென்று உழைக்க வேண்டும். கூட்டமாய்ச் சேர்ந்து உழைப்பதால் இதற்குத் ‘தேனீ’ என்றே பெயரிட்டிருந்தனர். டிரெயில் தம்பதியரின் அழைப்புக்கு 16 பேர் வந்தனர். வானிலை சாதகமாக இல்லாதபோதும், மாலைக்குள் மரக்கட்டைச் சுவர்கள் எழுந்து நின்றன. உப்பிட்ட பன்றி இறைச்சி, உருளைக்கிழங்கு, அரிசிப் பாயசம், மிகப் பெரிய ரொட்டி, போதிய அளவு விஸ்கி ஆகியவை அன்றைய விருந்து. சுவர்கள் ஒரே நாளில் எழுந்துவிட்டாலும், பலகை, தளம், புகைபோக்கி என்று வேலை இழுத்துக்கொண்டே போயிற்று. 1833 டிசம்பரில்தான் அவர்கள் சொந்த வீட்டில் குடிபுகுந்தனர். அதற்குள் அவ்வாண்டின் கோடையில் முதல் குழந்தையும் பிறந்துவிட்டது.

அவ்வீட்டின் கூடத்தைக் கேத்தரின் தம் கடிதங்களில் விரிவாக வரைந்து காட்டுகிறார். பித்தளை விளிம்பிட்ட இரும்பு அடுப்பு. இரவில் படுக்கையாகவும் பயன்படும் சாய்விருக்கை. பச்சையும் வெள்ளையுமான திரைகள். ஒரு பக்கச் சுவர் முழுதும் நூல்கள். ஏனைய சுவர்களின் கரடுமுரட்டை மறைக்க நிலப்படங்களும் ஓவியங்களும். தரையில் விரித்திருந்ததோ அந்நாட்டுப் பழங்குடியினர் முடைந்த அழகிய பாய். இந்தப் பாயை நாம் நினைவில் வைத்துக்கொள்வோம்.

அன்றாட வாழ்வில் அவர் புதிதாய்க் கற்க வேண்டியவை பல இருந்தன. கடையில் ஈஸ்ட் கிடைக்காத இடத்தில் ஹாப் செடியின் காயைக் கொதிக்க வைத்துப் புளிக்காடி உண்டாக்கினால்தான் மாவு பொங்கும். இளவேனிலின் தொடக்கத்தில் மேப்பிள் மரங்களைத் துளையிட்டு வடிக்கும் சாற்றை இரும்புக் கொப்பரைகளில் நாள் முழுதும் காய்ச்ச வேண்டும். சுமார் 40 படி சாறு காய்ச்சினால் ஒரு படி பாகு தேறும். அதை மேலும் இறுக்கிச் சர்க்கரையாக்குவர். நம் நாட்டில் பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி எடுக்கும் குடும்பங்களுக்கு இவ்வுழைப்பின் வெம்மை விளங்கும். இவ்வாறு தாம் கற்றவற்றையெல்லாம் தொகுத்து, குடியேறும் பெண்களுக்கான கைந்நூல் ஒன்றை 1854இல் கேத்தரின் வெளியிட்டார்.

அக்கைந்நூலில் ரொட்டி, சோப்பு, மெழுகுவர்த்தி ஆகியவற்றின் செய்முறைகளுக்கு நடுவே, தம் முதல் கிறிஸ்து பிறப்பு விழாவைப் பற்றிய ஒரு குறிப்பையும் சேர்த்திருக்கிறார். கனடாவில் அந்நாளை மக்கள் பெரிதாகப் பொருட்படுத்தாதது கண்டு அவர் வியந்தார். ஆலயத்திற்கு வந்தோர் சிலரே. இல்லங்களில் பசுந்தழை அலங்காரம் இல்லை. ஆண்டுப் பிறப்பு நாளே அங்குப் பெருநாள். இதற்குக் காரணம் உண்டு. அங்குக் குடியேறியவர்களுள் ஸ்காட்லாந்தினர் மிகுதி. சீர்திருத்தத் திருச்சபையின் வழிவந்த அவர்கள் பல தலைமுறைகளாகக் கிறிஸ்து பிறப்பை விழாவாகக் கொண்டாடுவதைக் கைவிட்டிருந்தனர். ஸ்காட்லாந்தில் டிசம்பர் 25 பொது விடுமுறை ஆனது 1958இல்தான். கேத்தரினின் கணவரும் ஸ்காட்லாந்தினரே என்பதை எண்ணிப் பார்த்தால், ஒரே கூரையின் கீழ் இரு நாட்காட்டிகள் இருந்தன எனலாம்.

அந்த முதல் விழா நாளில் கேத்தரின் பீட்டர்பரோ அருகிலிருந்த சமவெளிக்குத் தனியே நடந்து சென்றார். இங்கிலாந்தில் வீட்டை அணிசெய்யும் ஹாலி மரம் அங்கு இல்லை. ஆனால் தரையோடு படர்ந்து, குளிரிலும் பசுமை மாறாமல், சிவந்த கனிகளைத் தாங்கி நின்ற சிறு கொடியொன்று கண்ணில் பட்டது. அதைக் கொய்து மாலையாக்கி, தாம் தங்கியிருந்த வீட்டின் கணப்புக்கு மேலும் படங்களின் மேலும் தொங்கவிட்டார். கண்டவர்கள் நகைத்தனர். அவரோ, இதயத்தில் நம்பிக்கை வாடாதிருக்க வேண்டும் என்பதற்கு அப்பசுங்கிளைகளை அடையாளமாகக் கொண்டார். குருத்தோலை ஞாயிறன்று தென்னங்குருத்தையோ பனங்குருத்தையோ ஏந்திப் பவனி செல்லும் நமக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. விழாவின் பொருள் தொலைவிலிருந்து வரலாம். அதன் இலையை விழா நடக்கும் மண்தான் தர வேண்டும்.

அந்தச் சிறு கொடி வேறொரு வாயிலையும் திறந்தது. காட்டில் காணும் பூக்களுக்கெல்லாம் பெயர் என்ன என்று கேட்டால் அண்டை வீட்டாருக்குச் சொல்லத் தெரியவில்லை. எனவே தாமே அவற்றுக்கு ஞானத்தாயாகி, விருப்பம்போல் பெயர் சூட்டப் போவதாகக் கேத்தரின் தம் கடிதத்தில் குறிப்பிட்டார். தோழி ஒருவர் பிரடெரிக் பர்ஷ் என்பாரின் வட அமெரிக்கத் தாவர நூலை இரவல் கொடுத்தார். அது பெரும்பாலும் இலத்தீனில் எழுதப்பட்டது. விளங்கிய சொற்களைக் கேத்தரின் தாமே படித்தார்; விளங்காத இடங்களைக் கணவர் மொழிபெயர்த்துச் சொன்னார். கோடரி பிடிப்பதில் தாமஸ் தேர்ச்சி பெறவில்லை. ஆனால் மனைவியின் வாழ்நாள் பணிக்கு அடித்தளம் இட்டதில் அவருடைய இலத்தீனுக்கும் பங்குண்டு. 1836இல் இலண்டனில் வெளிவந்த ‘கனடாவின் பின்காடுகள்’ என்ற கடிதநூலும், 1868இலும் 1885இலும் வந்த தாவர நூல்களும் இப்பயிற்சியின் விளைவுகளே.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும். அப்பூக்கள் மெய்யாகவே பெயரற்றவையா? கனடா எல்லாம் புதிதான நாடு, பேய்க்கதைக்குக்கூட அங்கு இடமில்லை என்ற பொருள்பட முதல் நூலில் கேத்தரின் எழுதினார். ஆனால் அவர் கடந்து வந்த ரைஸ் ஏரியின் கரையில் சுமார் 2000 ஆண்டுப் பழமையுடைய பாம்பு வடிவப் புதைமேடு இருக்கிறது. பீட்டர்பரோவுக்கு வடகிழக்கே, வெண்பாறை ஒன்றில் பழங்குடியினர் செதுக்கிய சுமார் 900 உருவங்களை 1954இல் நிலவியலாளர் சிலர் கண்டு வெளியுலகுக்கு அறிவித்தனர். ‘கற்பிக்கும் பாறைகள்’ என்ற பொருளுடைய பெயரால் அனிஷினாபே மக்கள் அவ்விடத்தை வழங்குகின்றனர். காட்டை ‘யாருமற்ற நிலம்’ ஆக்கியது ஓர் உடன்படிக்கை. 1818 நவம்பரில், அனிஷினாபே மக்களின் ஒரு பிரிவினரான மிசிசாகர் ஏறத்தாழ 20 இலட்சம் ஏக்கர் நிலத்தை அரசுக்கு விட்டுக்கொடுத்ததாக எழுதிக்கொண்டனர். அதற்குப் பின் 14 ஆண்டுகள் கழித்தே டிரெயில் தம்பதியர் அங்குக் காலடி வைத்தனர். இப்பகுதியின் உடன்படிக்கைகள் பற்றிய நீண்ட வழக்கில் உடன்பாடு ஏற்பட்டு, கனடா அரசு மன்னிப்புக் கோரியது 2018இல்.

இவ்வரலாறு முழுவதையும் கேத்தரின் அறிந்திருந்தார் என்று சொல்ல இயலாது. ஆயினும் அவர் அம்மக்களின் கூடாரங்களுக்குச் சென்றார். அவர்கள் தம் மொழியில் பாடிய கிறிஸ்தவப் பாடல்களைக் கேட்டார். மாவும் இறைச்சியும் கொடுத்து, முள்ளம்பன்றி முள்ளால் அணிசெய்த மரப்பட்டைக் கூடைகளை வாங்கினார். கூடத்தில் விரித்த பாயை முடைந்த கைகளும் அவர்களுடையவையே. பிற்காலத்துத் தாவர நூல்களில், அம்மக்கள் எச்செடியை எந்நோய்க்குப் பயன்படுத்தினர், எப்பெயரால் அழைத்தனர் என்பவற்றை ஆங்காங்கே பதிவு செய்கிறார். பெயர் சூட்ட எண்ணித் தொடங்கியவர், முன்பே இருந்த பெயர்களைக் கேட்டு எழுதுகிறவராக மாறினார். இம்மாற்றத்திற்கு ஓராண்டு போதவில்லை; ஓர் ஆயுள் தேவைப்பட்டது.

தாமசுக்கு அந்த மண் இறுதிவரை இசையவில்லை. பண்ணை நட்டமடைந்தது, 1839இல் அதை விற்றனர். கடனும் மனச்சோர்வும் அவரை அழுத்தின. ஒன்பது மக்களுள் இருவரைச் சிறுவயதிலேயே இழந்தனர். 1857இல் வீடு தீக்கிரையானது. அவர் உயிரெனக் கருதிய நூல்களும் சாம்பலாயின. இரண்டு ஆண்டுகளில் தாமஸ் மறைந்தார். அதன்பின் 40 ஆண்டுகள் வாழ்ந்த கேத்தரின், எழுதி ஈட்டிய சிறு வருவாயோடு, பூக்களையும் பெரணிகளையும் திரட்டிக்கொண்டேயிருந்து, 1899இல் தம் 97ஆம் வயதில் லேக்ஃபீல்டில் காலமானார். ஒருவர் வென்றார், மற்றவர் தோற்றார் என்று இதை எண்ணிவிடலாகாது. நோயையும் கடனையும் மனவுறுதி ஒன்றினாலேயே கடந்துவிட முடியும் என்று வறியோரை நோக்கிச் சொல்வது எளிது, அது நீதியாகாது. கணவர் துயரில் ஆழ்ந்திருந்த ஆண்டுகளில் குடும்பச் சுமையைத் தாங்கியவரும் கேத்தரினே.

நம் குடும்பங்களிலிருந்தும் இளந்தம்பதியர் இன்று வேற்று மாநிலங்களுக்கும் வேற்று நாடுகளுக்கும் செல்கின்றனர். அவர்களுக்கு நாம் ஊறுகாயும் மசாலாப் பொடியும் கட்டிக் கொடுக்கிறோம். விழா நாள்களில் எவ்வாறு இருக்கிறார்களோ என்று ஏங்குகிறோம். ஏக்கம் இயல்பே. ஆனால் அவர்களுக்கு இன்னொன்றையும் சொல்லி அனுப்பலாம். போய்ச் சேர்ந்த இடத்தில் வாசலருகே நிற்கும் மரத்தின் பெயர் என்ன என்று, அங்கு நெடுங்காலமாய் வாழ்கிறவரிடம் கேளுங்கள். விழா வரும்போது அம்மரத்தின் கிளையொன்றை வீட்டிற்குள் கொண்டு வாருங்கள். சொல்லிக் கொடுத்தவரையும் விருந்துக்கு அழையுங்கள்.