8 வாரத்துக்கு ஒரு டோஸ்: குதிரைப் புழுவின் கதை

இந்த எபிசோட்ல ஒரு கிரான் ஜாப் பற்றிப் பேசப் போறேன். சர்வர்ல ஓடினது இல்லை, குதிரை லாயங்களில் ஓடினது. பல பத்தாண்டுகள் ஓடிச்சு.

முதல்ல வில்லன். ஸ்ட்ராங்கைலஸ் வல்காரிஸ்னு ஒரு குடற்புழு. குதிரை மேயும்போது புல்லோட சேர்த்து இதன் லார்வாவை விழுங்கிடும். குடலோட நின்னா பரவாயில்லை. குடலுக்கு ரத்தம் கொண்டுபோகிற தமனிக்குள்ள ஏறி, மாசக்கணக்கில் அங்கேயே வளரும். தமனிச் சுவர் வீங்கும், உள்ளே ரத்தம் உறையும். அந்தக் கட்டி உடைஞ்சு போய் ஒரு சின்னக் குழாயை அடைச்சா, குடலின் ஒரு பகுதி அழுகிடும். கடுமையான வயிற்றுவலி, பல சமயம் சாவு.

1961இல் தையபெண்டசோல் மருந்து வந்தது. 1966இல் கென்டக்கி பல்கலைக்கழகத்தின் ட்ரட்ஜும் லயன்ஸும் ஒரு திட்டம் சொன்னாங்க. மருந்து கொடுத்தபிறகு லத்தியில் மறுபடி முட்டை தெரிய சுமார் 8 வாரம் ஆகும். அதனால 8 வாரத்துக்கு ஒருமுறை எல்லாக் குதிரைக்கும் கொடுங்க. வல்காரிஸ் வளர்ந்து முட்டை போட சுமார் 6 மாசம் ஆகும். அது தமனியிலிருந்து குடலுக்குத் திரும்பி வரும்போது அடுத்த டோஸ் காத்துக்கிட்டிருக்கும். அழகான லாஜிக், வேலையும் செஞ்சது. 1980களில் வந்த ஐவர்மெக்டின் தமனியில் இருக்கிற லார்வாவையும் கொன்னது. பல பண்ணைகளில் வல்காரிஸைத் தேடிப் பிடிக்கவேண்டிய நிலை.

ஆனா குடலுக்குள்ள சின்ன ஸ்ட்ராங்கைல்கள்னு இன்னொரு கூட்டம் இருக்கு, சுமார் 50 இனம். இதுங்க தலைமுறை சீக்கிரம் மாறும். எல்லாக் குதிரைக்கும் மருந்து கொடுத்தா, மருந்தைத் தாங்குற புழு மட்டும்தான் மிஞ்சி முட்டை போடும். தையபெண்டசோல் குடும்ப மருந்துகள் இதுங்ககிட்ட எடுபடாம போச்சு. குட்டிகளைத் தாக்குற பெரிய உருண்டைப் புழு இருக்கே, அது ஐவர்மெக்டினையே தாங்குதுன்னு 2002இல் நெதர்லாந்திலிருந்து செய்தி வந்தது. எனக்கு இதில் ட்ரட்ஜ், லயன்ஸ் மேல கோபமில்லை. அவங்க வல்காரிஸுக்காக எழுதின ஷெட்யூலை, வல்காரிஸ் போனபிறகும் யாரும் நிறுத்தலை.

டென்மார்க் நிறுத்திச்சு. 1999 முதல் அங்கே கால்நடை மருத்துவர் சீட்டு இல்லாம புழு மருந்து கிடையாது, தடுப்புக்காகச் சும்மாவும் கொடுக்கக்கூடாது. லத்தியில் முட்டையை எண்ணணும், அதிகமா இருக்கிற குதிரைக்கு மட்டும் மருந்து. ஒரு மந்தையில் சுமார் 20% குதிரைகள்தான் 80% முட்டையைக் கொட்டுதுங்க, அதனால கணக்கு சரியாத்தான் வருது.

சில வருஷம் கழிச்சு டென்மார்க் பண்ணைகளில் ஆராய்ச்சியாளர்கள் பார்த்தாங்க. எண்ணிப் பார்த்து மருந்து கொடுத்த பண்ணைகளில் வல்காரிஸ் அதிகமா இருந்தது. முட்டை குறைவா போடுற குதிரைக்கு மருந்து கிடைக்கலை, அதுக்குள்ள இவர் சத்தமில்லாம உட்கார்ந்திருக்கார்! மைக்ராஸ்கோப்பில் ரெண்டு கூட்டத்தின் முட்டையும் ஒரே மாதிரிதான் தெரியும். எது யாருடையதுன்னு தெரியணும்னா லத்தியை ரெண்டு வாரம் கதகதப்பா வெச்சு, லார்வா வெளியே வந்தபிறகு அதைப் பார்த்து அடையாளம் சொல்லணும். டென்மார்க்கில் அதையும் செய்றாங்க.